கடலூர்ச் சித்தியின் குழைந்த சோறு

எங்கள் தாத்தாவுக்கு வேப்பங்குச்சியின் மேல் இருந்த நம்பிக்கை கடவுளின் மேல்கூட இருந்ததில்லை. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் கழுத்தை விட்டு இறங்கிய பிறகும் அதிகாரம் இறங்கவில்லை. காலை வேளையில் எங்கள் சந்தில் எந்தப் பையனாவது வாயில் நுரையோடு நின்றால் அவனை நிறுத்தி வைத்து, பேஸ்டு என்பது பல்லுக்கு வைக்கிற கொள்ளி என்று சொற்பொழிவு ஆற்றிவிட்டுத்தான் விடுவார். நானும் தப்பியதில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலப் பல்லைப் பார்ப்பார். "உன் வயசுல எனக்குக் கரும்பு உரிக்கக் கத்தியே தேவப்படல" என்பார்.

பேச்சோடு நிற்கிறவர் அல்ல. விருந்துகளில் நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சுவதில் அவருக்கு ஒரு பேரே இருந்தது. பரிமாறுகிறவர்கள் தேடிக்கொண்டு வந்து அவர் இலையில் எலும்பை வைப்பார்கள். குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்ட பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போகிற இடமெல்லாம் இந்தப் பெருமையைக் கொட்டி முழக்குவாள். அவள் வாய்தான் பின்னால் எல்லாவற்றையும் குழப்பியது என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம் தாத்தா பாண்டிச்சேரிக்குப் போனார். பழைய சினேகிதர் ஒருவர் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். திரும்பி வரும் தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். கேட்டால் வயிறு சரியில்லை, வெயில் ஜாஸ்தி, இன்றைக்கு விரதம் என்று நாளுக்கு ஒன்று சொல்வார். அவருக்கு எந்தச் சாமிக்கு விரதம் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையும் மாலையும் காப்பியில் பன்னை முக்கி முக்கிச் சாப்பிடுவார், வாழைப்பழம் ஒன்று சாப்பிடுவார், அவ்வளவுதான். இதுதான் அவர் ஆகாரம். சட்டையின் தோள்பட்டை இரண்டு பக்கமும் இறங்கித் தொங்கியது.

இப்போது சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். தாத்தாவுக்குப் பல் இல்லை. ஆடிக்கொண்டிருந்த பற்களை எல்லாம் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் பிடுங்கிவிட்டு, பல்செட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தச் செட்டு சரியாகப் பொருந்தவில்லை. கடித்தால் ஈறில் குத்தியது. ஊருக்கெல்லாம் வேப்பங்குச்சி உபதேசம் செய்த மனிதர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். மேலுதட்டை மூடிய அவருடைய மீசையும் ஒரு காரணம். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாதது இன்னொரு காரணம். எனக்கே இது கல்லூரிக்குப் போன பிறகு, சித்தி ஏதோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா சாப்பிடவில்லை, வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்பதுதான்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பாவுக்குப் பெண் அமைந்தது. பெரிய அத்தை கொண்டுவந்த இடம். பெண் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தாள். அப்பா இல்லாத பெண். தாய்மாமாதான் எல்லாம். துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிற மனிதர். நல்ல குரல், அதைவிட நல்ல மனசு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து சித்தப்பா ஒரு நாளைக்கு இரண்டு தரம் சவரம் செய்துகொண்டார். காரணமே இல்லாமல் எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தார்.

பெண் பார்க்கப் போனபோது அங்கே நாங்கள் காப்பியும் பஜ்ஜியும் சாப்பிட்டோமே தவிர, இலை போட்டுச் சாப்பிடவில்லை. சம்மதம் என்று ஆன பிறகுதான் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் பின்வாங்க முடியாது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் எங்கள் பக்கம் சாப்பாடு போடுவார்கள். எனக்கு இது புரியவே இல்லை. சாப்பிட்டால் கல்யாணமா? அப்படியானால் பக்கத்து வீட்டில் நான் அடிக்கடி சாப்பிடுகிறேனே என்று அம்மாவிடம் கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கிக்கொண்டேன்.

கை நனைக்க வேன் பிடித்துக் கடலூருக்குப் போனோம். முதுநகரில் அவர்கள் வீடு. கூடத்தில் வரிசையாக இலை போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். நடுவில் தாத்தா, அவருக்கு ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் சித்தப்பா. நான் அம்மாவோடு எதிர் வரிசையில். சீரகச் சம்பா பிரியாணி, இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல். வாசனையிலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது. தாத்தா மட்டும் பிரியாணியை இலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் தாய்மாமா கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். "கேள்விப்பட்டிருக்கோம் மாமா. உங்களுக்குன்னே பாத்து எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லி, என் முழங்கை நீளத்துக்கு ஒரு நல்லி எலும்பைத் தாத்தாவின் இலையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய அத்தை வேறு கதவுப்பக்கம் நின்று, "பாருங்க, எங்கப்பா கடிக்கிறதப் பாருங்க" என்று ஆள் சேர்த்தாள். பெண் வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள். தாத்தா எலும்பை எடுத்தார். வாயில் வைத்தார். ஒரு கடி கடித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

பெரியவர் எழுந்துவிட்டால் வரிசையில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்பா எழுந்தார். சித்தப்பா, கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கை நனைக்க வந்த இடத்தில் பாதி இலையில் எழுந்திருப்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எனக்கு அப்போது தெரியாது. என் வறுவல் இன்னும் இலையில் இருக்கிறதே என்பதுதான் எனக்குக் கவலை. அம்மா என்னை இழுத்து நிறுத்தி, தாத்தாவுக்கு என்ன ஆச்சு, போய்ப் பார் என்று விரட்டினாள்.

கொல்லையில் துணி துவைக்கிற கல், அதன் பக்கத்தில் ஒரு குழாய். தாத்தா எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். அவருடைய உள்ளங்கையில் ரோஸ் நிறமும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று மின்னியது. கல்யாணப் பெண் அங்கேதான் இருந்தாள். பட்டுப்புடவையோடு, கையில் சொம்போடு, அடுக்களை வாசலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டு. தாத்தா நிமிர்ந்தார். பிறகு அவள் முகத்தை முருங்கை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். தாத்தா கையில் இருந்ததைக் கழுவித் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

கடலூர் ஆயிற்றே, கொல்லையில் சிப்பி கிடைத்திருக்கும், தாத்தா அதை எடுத்துக்கொண்டார் என்று நான் முடிவு செய்தேன். ஆனால் ஒரு சிப்பிக்காகச் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுவார்களா? அதை ஏன் ஒளிக்க வேண்டும்? தண்ணீர் ஊற்றியவள் ஏன் மரத்தைப் பார்க்க வேண்டும்? திரும்பி வருகிற வேனில் எல்லோரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் தாத்தா சிப்பி எடுத்து வந்த விஷயத்தைச் சொல்லப் பார்த்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். புதுச்சத்திரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் வீடு ரெண்டுபட்டது. தாத்தாவிடம் அப்பா கதவோரம் நின்று, பெண் பிடிக்கவில்லையா என்று கேட்டார். "நான் எப்படா புடிக்கலன்னு சொன்னேன்?" என்று தாத்தா சீறினார். அப்படியானால் சம்மதம் என்று சொல்லி அனுப்பவா என்றார் அப்பா. மறுபடி போய்ச் சாப்பிட வேண்டுமே என்ற பயத்தில் தாத்தா அதற்கும் வாய் திறக்கவில்லை. ஆகவே ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். பிரஷர் மாத்திரையின் வேலை என்றார் அப்பா. தன் சமையலைத்தான் வாயால் சொல்லாமல் இப்படிக் கரித்துக்கொட்டுகிறார் என்றாள் அம்மா. ஊரே பார்க்க எலும்பைக் கடிக்கச் சொன்னதால் கண் பட்டுவிட்டது என்று பெரிய அத்தை மிளகாயும் உப்புமாகச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடித்து எல்லோரும் இருமினோம். தாத்தா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

சித்தப்பாதான் பாவம். தாத்தாவுக்குத் தன் மேல் என்ன கோபமோ என்று அவரும் சாப்பாட்டை விட்டுவிட்டார். சவரமும் நின்றுபோனது. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் பட்டினி. ஒருவர் எதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. அம்மா வடித்த சோறு மீந்து மீந்து, எனக்கு வேளைக்கு வேளை பழையதும் புளிசாதமுமாகக் கிடைத்தது. ஒரு நாள் காலை, வேப்பங்குச்சியோடு கொல்லைக்குப் போன தாத்தா தலைசுற்றிக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்குவதற்கு ஒருவரே போதுமாக இருந்தது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. தாத்தா செத்துப்போவாரோ என்று நினைத்தேன். ஏன் சாவார் என்றுதான் தெரியவில்லை.

கடலூரில் நிலைமை இதைவிட மோசம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இலையிலிருந்து எழுந்து போய்விட்டார் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெண்ணிடம் என்ன குறையோ என்று கேட்கிறவர்கள் கேட்டார்கள். பெண்ணின் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெரியவருக்குப் பல் இல்லை, அதனால் எழுந்தார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேல் விழுந்த பழி அந்த நிமிஷமே போயிருக்கும். சொல்லவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், பேச்சுக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் மதியம் பெண்ணின் தாய்மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டில் ஒன்று கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. கையில் ஓர் அடுக்குக் கேரியர். அதைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம் மச்சான். பிரசாதம் இருக்கு. பெரியவரு கையிலதான் குடுக்கணும்னு எங்க பொண்ணு சொல்லிச்சு" என்றார் அப்பாவிடம். பிரசாதம் என்பதால் பஸ்ஸில்கூடத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

பிரசாதத்தை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? தாத்தா வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். என்னை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் நானும் பின்னாலேயே போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மேல் அடுக்கில் பிரசாதம்தான். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, துளசியோடு. இரண்டாம் அடுக்கைத் திறந்தார். குழையக் குழைய வடித்த சோறு. அதன் பக்கத்தில் பாசிப்பருப்போடு சேர்த்துக் கடைந்த கீரை. மூன்றாம் அடுக்கைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுறாப்புட்டு! சுறாமீனை வேகவைத்து, முள்ளும் தோலும் ஒரு பொட்டு இல்லாமல் எடுத்து, பூப்போல உதிர்த்து, வெங்காயத்தையும் பூண்டையும் மசிய வதக்கிச் செய்தது.

எந்தப் பெருமாள் கோயிலில் மீன் பிரசாதம் தருகிறார்கள்? அதுவும் சுறாப்புட்டு பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறக் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இதைத் தாத்தாவுக்கு எதற்குக் கொடுத்தனுப்பினார்கள்? நான் தாத்தாவின் வயிற்றை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். அது ஒட்டித்தான் கிடந்தது.

தாத்தாவும் மூன்று அடுக்குகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு சோற்றில் புட்டைப் பிசைந்து ஒரு வாய் போட்டார். மெல்லவே இல்லை, நாக்கால் அழுத்தினார், விழுங்கினார். இன்னொரு வாய். அதற்கப்புறம் நிற்கவில்லை. சோறு, கீரை, புட்டு எல்லாம் மாற்றி மாற்றி உள்ளே போயிற்று. பாதியில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. காரமா தாத்தா என்று கேட்டேன். ஆமாம் என்றார். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். கொஞ்சங்கூடக் காரம் இல்லை.

தாத்தா காலிக் கேரியரோடு கூடத்துக்கு வந்தார். மீன் வாசனையும் அவரோடு வந்தது. தாய்மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மடியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு வந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கையெடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாத்தா நேராகப் போய் முற்றத்துத் தொட்டியில் கையைக் கழுவினார்.

"கை நனைச்சாச்சு" என்றாள் பெரிய அத்தை.

உடனே ஒரு வழக்கு எழுந்தது. பெண் வீட்டில் சாப்பிட்டால்தானே கை நனைத்ததாகும், இது நம் வீடல்லவா என்றார் அப்பா. பிரசாதம் என்று வந்ததைச் சாப்பிட்டது எப்படிக் கணக்கு என்று தாய்மாமாவே கேட்டார். அத்தை விடவில்லை. சோறு யார் வீட்டுச் சோறு, மீன் யார் வீட்டு மீன் என்றாள். சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உயிர் அந்த வாய்களில் இருந்தது.

தாத்தா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கை எங்க நனைஞ்சா என்னாப்பா? சோறு அவுங்க சோறுதான? நாள் பாருங்க."

இப்படித்தான் சித்தப்பாவின் கல்யாணம் முடிவானது. நான் அந்தக் கேரியரில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நம்பினேன்.

கல்யாணம் முடிந்து சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பகல் வேலை மட்டும் பார்க்கிற மாதிரி சிதம்பரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். சமையலில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டாள். அன்றோடு எங்கள் வீட்டில் உதிர் சோறு ஒழிந்தது. சோறு என்றால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும். அவரைக்காயோ பீன்ஸோ, எதைப் போட்டாலும் பொரியலாக வராது, மசியலாகத்தான் வரும். கறி எடுத்தால் கொத்துக்கறி. மீன் எடுத்தால் புட்டு. முட்டையைப் பாலோடு அடித்து இட்லித் தட்டில் ஊற்றி வேகவைப்பாள். காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் பப்பாளி. முறுக்கும் சீடையும் வீட்டுக்குள் வருவதே நின்றுவிட்டது. இட்லிக்குக் கத்திரிக்காய்க் கொத்சு வைப்பாள். அதில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை, சிதம்பரத்தில் கொத்சு எப்படியும் குழைவுதான்.

கடலூர்க்காரிக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை என்று பேராகிவிட்டது. அம்மா முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாள். பெரிய அத்தை குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும்போதெல்லாம், தான் கொண்டுவந்த இடமாயிற்றே என்று வெட்கப்பட்டுக்கொண்டே, பானையில் தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று சித்திக்குப் பாடம் எடுப்பாள். சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அடுத்த வேளையும் சோறு குழைந்திருக்கும். சித்தப்பாகூட ஒரு நாள், "ஏம்மா, ஒரு தரம் சீக்கிரமா எறக்கித்தான் பாரேன்" என்று கெஞ்சினார். மறந்துபோயிடுதுங்க என்றாள் சித்தி. ஆஸ்பத்திரியில் மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கிறவளுக்கு அடுப்பில் இருக்கும் சோறு மட்டும் எப்படி மறக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் புரியாதது இன்னொன்று. சோறு ஒரு பதம் தவறினால் தட்டைத் தள்ளிவிடுகிற தாத்தா, இந்தக் களியை மட்டும் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து, இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "சோறுன்னா இப்புடி இருக்கணும்" என்று வேறு சொல்வார். அப்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கும். அவருக்குப் புது மருமகள் என்றால் செல்லம், அவ்வளவுதான் என்று அம்மா முடிவு கட்டினாள். அதற்கு ஆதாரமும் இருந்தது. தினமும் காலையில் சித்தி வேப்பங்குச்சியின் முனையை அம்மியில் வைத்து நசுக்கி, பதமாகப் பஞ்சாக்கி, அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒரு சேவை செய்ததில்லையே என்று அம்மா என்னிடம் புலம்பினாள்.

சில மாதங்களில் தாத்தாவின் தோள்பட்டையில் சட்டை மறுபடி நின்றது. சந்துப் பையன்களை நிறுத்தி வைத்துச் சொற்பொழிவு ஆற்றும் குரலும் திரும்பி வந்தது. பேஸ்டுக்காரர்கள் அவரைக் கண்டால் மறுபடி ஓடினார்கள்.

அதற்கப்புறம் நான்கைந்து வருஷம் தாத்தா நன்றாகத்தான் இருந்தார். ஒரு காலை நேரம், காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அழுகை கிளம்பியது. சித்தி அழவில்லை. ஆட்கள் வருவதற்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் வெளியே போங்கள் என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நர்ஸ் ஆயிற்றே, ஏதோ செய்ய வேண்டியிருக்கும் என்று நாங்கள் விலகி நின்றோம். கதவு திறந்தபோது தாத்தா மீசை ஒதுக்கி, பல் வரிசை லேசாகத் தெரிய, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி படுத்திருந்தார். மாலை போட வந்த பழைய மாணவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் தழுதழுத்தார். "கடைசி வரைக்கும் ஒரு பல்லு விழல பாருங்க சார். மாஸ்டர் சொன்ன வேப்பங்குச்சிய நாமதான் கேக்கல." கூட்டமே ஆமாம் ஆமாம் என்றது. அறை மூலையில் நின்ற சித்தி அப்போதுதான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவுகள் கிளம்பிப்போய், வீட்டில் மறுபடி எங்கள் அடுப்பு எரிந்தது. சித்திதான் சமைத்தாள். இலையில் சோறு விழுந்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. மல்லிகை மொட்டாக உதிர் உதிராக விழுந்தது. பக்கத்தில் அவரைக்காய், பொரியலாகவே இருந்தது. அம்மா சோற்றை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் கண் நிறைந்து, கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

இவ்வளவு நல்ல சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காயும் முன்னே எதிர்வீட்டுக்கு ஓடினேன். எங்கள் சித்திக்கு ஒருவழியாகச் சோறு வடிக்கத் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.